பூண்டு என்று நினைத்த பழம்

மார்ச் 3

என்னங்க, வணக்கம்.

நேற்று நம் மகள் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள்: நான், அவள், மாப்பிள்ளை, கீழ்வீட்டுத் தையல்காரம்மா, துணித்தொட்டிலில் உங்கள் பேத்தி. சாமி புண்ணியத்தில் எல்லோரும் சுகம்.

தையல்காரம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினார். வெள்ளை வெளேரென்று உரித்த பூண்டுப் பல். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேகவைத்திருக்கிறார் என்று எண்ணி, உப்புப் பார்க்க ஒன்றை வாயில் போட்டேன்.

"என்னது, பூண்டு இனிக்குது?"

"பூண்டா! ஐயோ அத்தே, அது பழம். கறுப்பு ஓட்டை உடைச்சா உள்ள இப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. மகளைப் பார்த்து, "உங்கம்மாவை விட்டா இதைத் தாளிச்சிருப்பாங்க" என்றார்.

சிரித்தார்கள். நான் விழுங்கிவிட்டேன்.

சர்க்கரைக்காகத்தான் பழத்தை விட்டேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. இவள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று நீங்கள் இவளோடு பேச்சை நிறுத்தினீர்கள். மறுபடி பேசும்வரை பழம் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அது முறிந்துவிட்டது. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. குழந்தைத் துணிகளை மடித்து வைத்தேன்.

அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு நலம். தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. வேண்டுதல் பற்றி அர்ச்சகரைக் கேட்டேன். "தெரியாம நடந்ததுதானே, ஒரு அர்ச்சனை பண்ணிடலாம்" என்றார். உன் பெயருக்குச் செய்துவிட்டேன். இனிக் கவலை வேண்டாம். மாத்திரையை விடாதே. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
நான்தான்

ஏப்ரல் 2

என் மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவள்தான் வாங்கிவந்து கொடுத்தாள். "என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காராம்மா?" என்றாள்.

"மோட்டார் சரியாயிடுச்சாம்."

"நல்லது, தண்ணிக்குக் கஷ்டமில்ல" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தையல்காரம்மா அந்தப் பழத்தை மறுபடியும் கொண்டுவந்தார். இந்தத் தடவை தெரிந்தே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி இதைச் சாமியிடம் கேட்கப்போவதில்லை. உங்கள் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டி அவருக்கும் சலித்திருக்கும். உங்களிடமே கேட்கிறேன்.

எனக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறார். நீங்கள் அவளோடு பேசினால் வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும். இரண்டில் எது? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா