இரண்டாம் குரல்

மச்சான்,

நீ இருக்கும் வெஸ்ட்கேட்டுக்குக் காரில் அரை மணி நேரம்தான். ஆனால் நேரில் வந்தால், நீ கதவைத் திறக்கும் முன்பே திரும்பி விடுவேன். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் எங்கள் மாதா பாட்டு ஒலித்தது. எந்த மெட்டுக்காக ஒன்பது வருடமாக நீயும் நானும் முகம் பாராமல் இருக்கிறோமோ, அதே மெட்டு. சொற்கள் மட்டும் ஆங்கிலம், பின்னால் கிற்றார் இரைச்சல். மகள் போனில் தேடிவிட்டு, “டாடி, இது பிரிட்டிஷ் ராக் பாண்ட். நைன்ரி ஃபைவ்ல பெரிய ஹிட்” என்றாள்.

தொண்ணூற்றைந்தில் மன்னாரில் கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். நீ பெடல் சுற்றினாய், நான் ஸ்டேஷன் பிடித்தேன். அன்று இரண்டு பேர் காதிலும் விழுந்ததைத்தான் பிறகு ஆளுக்காள் தன் மெட்டு என்று நம்பியிருக்கிறோம்.

இந்த நாட்டுக்கு வந்தபின் கோயில் பாட்டுத்தாளில் என் பெயரை மட்டும் அச்சடித்தேன். “மெட்டு என்ரையெல்லோ” என்று நீ கேட்டபோது, பாடகர் குழுவின் முன்னால் உன்னைக் கள்ளன் என்றேன்.

இப்போது ஃபாதரிடம் எல்லாம் சொல்லி, பாட்டுத்தாளிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். “மாதா கோவிக்க மாட்டா. பாடுங்கோ.”

கடையில் என் வாய் முணுமுணுத்தது என் பகுதியை அல்ல, மெட்டுக்கு இணையாக நீ பாடும் இரண்டாம் குரலை. அதைப் பாட இதுவரை ஒருவரையும் நான் பழக்கவில்லை.

ஞாயிறு பூசைக்கு முன், ஒன்பது மணிக்குப் பயிற்சி.

இப்படிக்கு,
பெடல் சுற்றாமல் பாட்டு மட்டும் கேட்டவன்