இடது தோள்

கம்போங் ராஜா,
5.5.2025

மச்சான் திருச்செல்வத்துக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டு ஈப்போவில் நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு என்ன கேடு? அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்கு லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் சின்னக்கருப்பன் அண்ணன் இதை உன் டயர் கடைக்கே கொண்டுவந்து கொடுப்பார். முடிந்தால் அவரையும் பிளாக் பண்ணிக்கொள்.

ரக்பி சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கேப்டன் ஓடிப்போவானா? கோச் என்கிற மரியாதையை விடு. அக்கா புருஷன் என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாரதா சோறு போடும்போது, "தம்பி ஈப்போ கிளப்புல சேந்துட்டானாம், கடையில வேலையும் குடுத்துட்டாங்களாம்" என்கிறாள். நான் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டேன். அந்த அவமானத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

நேற்று ரிங்லெட்டில் முதல் ஆட்டம். தோற்றோம். அது கிடக்கட்டும். புவனேஸ் அடிபட்டு விழுந்தான். பந்தோடு வந்தவன் இவனுக்கு இடப்பக்கமாக ஓடினான். இவன் தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்குகிற பழக்கத்தில், அவனை டாக்கிள் பண்ணி வீழ்த்த வலது தோளைக் கொடுத்து, தலையை இடப்பக்கம் சாய்த்தான். தலை ஓடுகிறவனின் முதுகுப் பக்கம் போக வேண்டும் என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! நேராக முன்னால் போய்விட்டது. ஓடிவந்தவன் முட்டி மண்டையில் இறங்கியது.

கண்ணைத் திறந்ததும், "இன்னும் எத்தன மூட்ட இருக்கு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரம் ஆடக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டேன். அதற்கும் எல்லோருக்கும் என்மேல் கோபம்.

நம் ஆட்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான். தோட்டத்தில் கொழுந்து மூட்டை, திரிங்காப்பில் கோஸ் கூடை, எது தூக்கினாலும் வலது தோள். நீ ஒருவன்தான் இரண்டு தோளிலும் அடிப்பாய். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரத்தில் நீ எங்கே போய்த் தொலைந்தாய்?

கோபத்துடன்,
குகனேஸ்வரன்

பி.கு.: சாரதா மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொள்கிறேன்.


ஈப்போ,
12.5.2025

மாமாவுக்கு,

கடிதமும் மிளகாய்த்தூளும் கிடைத்தன. அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்கிறீர்கள். போன வருஷம் ஃபைனலில் என்னைக் கேட்டுவிட்டா வெளியே இழுத்தீர்கள்? ஆட்டம் முடியப் போகிற நேரம். நாம்தான் முன்னணியில் இருந்தோம். தலையில் ஒரு சின்ன அடி. "ஒண்ணும் இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஊரே பார்க்கச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். கோப்பை கைமாறியதை அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? தலைவலி கேப்டன். டவுனில் காப்பி குடிக்கப் போனால், "கேப்டனுக்குக் காப்பியோட ஒரு பனடோல் மாத்திரையும் குடு லா" என்பான் கடைக்காரன். நீங்களும் ஒருநாள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே அப்படி இல்லை. நல்லா இருக்கேன் என்று சொன்னால் நம்புகிறார்கள். என்னை ஆட விடுகிறார்கள்.

ஜூன் முதல் தேதி உங்கள் திடலுக்கு ஆட வருகிறோம். தோட்டத்து ஆட்களுக்கு வலது தோள் மட்டும்தான் இருக்கிறது, இடப்பக்கமே ஓடினால் போதும் என்று எங்கள் கோச்சிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாதீர்கள் மாமா. விளையாட்டு என்றால் அப்படித்தான்.

திருச்செல்வம்


கம்போங் ராஜா,
19.5.2025

திருச்செல்வத்துக்கு,

உன் கடிதத்தை லாரிப் பக்கத்தில் நின்றே படித்தேன். படித்துவிட்டு நான் திட்டிய திட்டில் சின்னக்கருப்பன் அண்ணன் பயந்துபோய், "நா என்னப்பா செஞ்சேன்? லெட்டர கொண்டாந்தது ஒரு குத்தமா லா?" என்றார்.

எதிராளியின் பலவீனம் பார்த்து ஓடுவது விளையாட்டுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பது பலவீனம் இல்லையடா, புவனேஸின் கழுத்து. உன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். உனக்கு டெங்கி வந்தபோது தாப்பா ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தவன். அவனை எந்தப் பக்கம் அடித்தால் விழுவான் என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். எழுதும்போது கை கூசவில்லையா?

சரி. நீ சொல்லிக்கொடுத்தாய். நானும் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலப் பயிற்சி போதாது என்று வேலையிலேயே கை வைத்துவிட்டேன். நம் கிளப்புக்காரன் எவனும் வலது தோளில் மூட்டை ஏற்றக்கூடாது, இடது தோள்தான் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் தேயிலைச் சரிவில் ஒரே கூத்து. ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் மூட்டையோடு மூட்டை மோதி, இரண்டு பேர் செடிக்குள் போய்விட்டார்கள். கங்காணி ராமசாமி மேலே நின்று கத்துகிறார்: "எவன்டா இவனுங்களுக்குத் தோள மாத்திவுட்டது? மானேஜர்கிட்ட சொல்லிப்புடுவேன்!" சொல்லியும் விட்டார். மானேஜர் துரை என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஜூன் முதல் தேதி வரைக்கும்தான் என்று அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் முடிந்ததும் புவனேஸ் மறுபடி ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது தோள் தோல் உரிந்து கிடக்கிறது. நீ உன் கோச்சிடம் சொன்னதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவான்.

வா. இடப்பக்கமே வா.

குகனேஸ்வரன்


ஈப்போ,
3.6.2025

மாமா,

நீங்களெல்லாம் ஒரு மனுஷனா?

புவனேஸ் என்மேல் மோதியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் பஸ். நடுவில் நடந்ததை எங்கள் ஆட்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திடலுக்குள் வந்து, எதிரணிக்காரனான என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனீர்களாம். நான் உதைத்தேனாம். இரண்டு பக்கத்து ஆட்களும் சிரித்தார்களாம். "ஜெயிக்கணும்னு உன்னத் தூக்கிட்டாரு உன் மாமா" என்கிறார்கள். இப்போது இங்கேயும் எனக்குத் தலைவலி கேப்டன் என்றுதான் பெயர்.

ஒரு தடவை போதாதா உங்களுக்கு? நீங்கள் யார் என்னைத் தூக்க? இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். உங்களிடமிருந்து கடிதம் வாங்க வேண்டாம் என்று சின்னக்கருப்பன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்.

திருச்செல்வம்


கம்போங் ராஜா,
5.6.2025

மச்சான்,

சின்னக்கருப்பன் அண்ணன் யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை.

ஜெயிப்பதற்காகத் தூக்கினேனா? நன்றாகக் கேட்டுக்கொள். நான் உள்ளே வரும்போது நாம்தான் முன்னணி. நான் வந்ததற்கு நடுவர் அவர்களுக்கு பெனால்டி கொடுத்தார். அதை உதைத்துத்தான் உன் கிளப் ஒரு புள்ளியில் ஜெயித்தது. எனக்கு மூன்று ஆட்டம் தடை. வேலிக்கு உள்ளே கால் வைக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தோளை மாற்றி மாற்றிச் செத்த பையன்கள் ஒருத்தனும் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் சாரதா ஒருத்திதான் பேசுகிறாள்.

நடந்ததை உன் ஆட்கள் முழுதாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நீ புவனேஸின் இடப்பக்கம்தான் ஓடினாய். அவன் இடது தோளால் உன்னை இடுப்பில் பிடித்தான். தலை உன் முதுகுக்குப் பின்னால், பாடம் மாதிரி. நான் கத்திய கத்து திரிங்காப் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு தப்பும் இல்லாத டாக்கிள். ஆனால் நீ விழுந்தபோது உன் பின்தலை தரையில் அடித்தது.

எழுந்தாய். தள்ளாடிக்கொண்டே நடந்தாய். எங்கே போனாய் தெரியுமா? எங்கள் வரிசைக்கு வந்தாய். புவனேஸுக்கு வலப்பக்கம், உன் பழைய இடத்தில் வந்து நின்றாய். நீ போட்டிருந்தது அவர்களுடைய சிவப்புச் சட்டை. புவனேஸின் தோளில் கையைப் போட்டாய். கோட்டுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, "மாமா, பந்து யாரு போடுறது? நம்ம பந்துதானே?" என்று கேட்டாய்.

யாரும் சிரிக்கவில்லையடா. புவனேஸ்தான் முதலில் அழுதான்.

உன் கோச் ஓடிவந்தார். டாக்டரைக் கூப்பிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உன் சட்டையைப் பிடித்துத் திருப்பி, "உன் சைடு அங்க" என்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். நீயும் போனாய். அப்போதுதான் உள்ளே வந்தேன்.

நான் யார் உன்னைத் தூக்க என்று கேட்டாயே. இதற்குமேல் என்ன பதில் வேண்டும்? போன வருஷமும் நீ இப்படித்தான் நினைவு தப்பி நின்று கும்பிட்டாய். கும்பிட்டது என்னை இல்லை, கோல் கம்பத்தை. அதை ஊரில் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று காப்பிக் கடையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அடுத்த முறை அடிபட்டாலும் உள்ளே வருவேன், தூக்குவேன். எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் தடை போடட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போ. இன்றைக்கே போ.

குகனேஸ்வரன்


ஈப்போ,
12.6.2025

மாமாவுக்கு,

புவனேஸைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்கள் எழுதியதைத்தான் அவனும் சொன்னான். உங்களைவிட மோசமாகத் திட்டினான். உங்களிடம் பேசச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு மாதம் ஆடக்கூடாது என்றார்கள். அதைக் கிளப்பில் சொன்னேன். "நல்லாத்தானே இருக்க?" என்றார் கோச். அங்கே யாரும் என்னை நம்பவில்லை, மாமா. நல்லா இருக்கேன் என்று நான் சொன்னது அவர்களுக்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான். ஜெர்சியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தேன். கடை வேலை போகுமா என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சின்னக்கருப்பன் அண்ணன் லாரியில் மலையேறி வருகிறேன். ஆடுவதற்கு இல்லை. நீங்கள் வேலிக்கு வெளியே நின்று கத்துங்கள். அதைக் கேட்டு நான் உள்ளே நின்று கத்துகிறேன். வலப்பக்கம் ஓடினாலும் டாக்கிள் பண்ணத் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இத்தனை நாளாக எல்லோரையும் இடது தோளிலேயே விட்டுவிட்டீர்களே. உங்களுக்கு அறிவே கிடையாதா?

அக்காவிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள்.

போன் பண்ணாதீர்கள். நம்பரை இன்னும் திறக்கவில்லை. கோபம் போகவில்லை.

திருச்செல்வம்