ஏழு வயதுக்காரி சொல்வதாக

பிப்ரவரி 4

என் பட்டுக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். சளி தேவலை, முட்டிவலிதான் பாடாய்ப் படுத்துகிறது. போன் செய்தால் நீ எடுப்பதே இல்லை, அதனால்தான் கடிதம்.

நாவல் அச்சாகிவிட்டது. பிரதி இத்துடன். கதை முழுவதையும் ஏழு வயதுச் சிறுமி சொல்கிறாள். அது நீதான். "குழந்தையோட கண்ணை அப்படியே பிடிச்சிட்டீங்க சார்" என்று பதிப்பாளர் உருகிப்போனார். வெளியீட்டு விழாவில் மூன்றாம் அத்தியாயத்தை நீயே வாசிக்க வேண்டும். அம்மாவையும் கூட்டி வா. பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 11

அப்பாவுக்கு,

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற பல் டாக்டர் நான். அருவருப்பு எனக்கு லேசில் வராது. உங்கள் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்ததும் வந்தது.

"அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். அப்பா ஓடி வந்து தூக்கினார்." இதை என் வாயால் சொல்ல வைக்க உங்களுக்குக் கை கூசவில்லையா? நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். தள்ளியது நீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே? இன்னொரு தடவை சொல்லு" என்று எனக்குப் பாடம் நடத்தினீர்கள். நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அதற்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வேறு. சே!

இப்போது அந்தப் பொய்க்குக் குழந்தையின் பார்வை என்று பெயர். சின்னப் பிள்ளை சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பலே ஆள் ஐயா நீங்கள்! அம்மாவால் இன்றைக்கும் வலது கையைத் தூக்கித் தலை வார முடியாது. நான்தான் வாரிவிடுகிறேன்.

விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தைச் சொல்கிறேன். புத்தகத்தைத் திறக்காமல், பார்த்ததைப் பார்த்தபடி.

இப்படிக்கு,
மகள்


பிப்ரவரி 16

பட்டுக்குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபத்திலும் உன் நடை நன்றாக இருக்கிறது, என் ரத்தமல்லவா! ஆனால் ஏழு வயதில் பார்த்ததெல்லாம் அப்படியே நினைவிருக்குமா, நீயே யோசித்துப் பார்.

வேலையை விட்டுவிட்டு நீ அலைய வேண்டாம். வாசிக்க வேறு ஏற்பாடு ஆகிவிட்டது. பதிப்பாளரின் மகள், அவளுக்கும் ஏழு வயதுதான். நேற்று இங்கே வரவழைத்து ஒத்திகை பார்த்தேன். "அந்த அம்மா எப்படி விழுந்தாங்க தாத்தா?" என்று துளைத்தெடுத்துவிட்டாள். வழுக்கித்தான் என்று எடுத்துச் சொன்னேன். இப்போது தடங்கலே இல்லாமல் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா