பூட்டிய பின்கதவு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. வாளையார் சாலையில் லாரி வரிசை. எல்லை தாண்டி கேரளப் பக்கம் ஒரு சட்டை தைக்கும் கம்பெனியில் ஆடிட். தொழிலாளர் நிலைமை பற்றி நான் அறிக்கை எழுத வேண்டும். கேட்பது சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி. எங்கள் ஆபீசுக்குப் பணம் தருவதோ தைக்கும் கம்பெனி. கார் அனுப்பியதும் அவர்கள்தான். மதியம் அவர்கள் வாங்கித் தந்த பிரியாணி. தொடவில்லை. நல்ல பசி.

தையல் பெண்களிடம் மேனேஜரை வைத்துக்கொண்டே பேச வேண்டியிருந்தது. எல்லோரிடமும் ஒரே பதில். "குறை ஒண்ணுமில்லைங்க."

கழிப்பறைப் பக்கம் செல்வி என்றொரு பெண், கை கழுவிக்கொண்டே:

"ஏனுங்க, அவிங்க கார்லதான வந்தீங்க?"

"ஆமா."

"அப்பறம் உங்ககிட்ட என்னத்தச் சொல்றதுங்க." போகத் திரும்பியவள் நின்றாள். "பின்கதவு இன்னிக்குத்தானுங்க தொறந்திருக்குது. நீங்க போனதும் பூட்டிருவாங்க. தீப்புடிச்சா நாங்க எங்கீங்க ஓடறது?"

என் நம்பரைக் கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

சொல்லாமல் போனேன். பஸ்ஸில். குடை மறந்து தொப்பலாக நனைந்தாயிற்று. கேட்டில் நிறுத்திவைத்தார்கள், ஆடிட் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன். பின்கதவில் பூட்டு. அதன் முன்னால் ஆள் உயரத்துக்குத் துணிக்கட்டுகள். போட்டோ எடுத்தேன். முதல் படம் தெளிவில்லை, மறுபடி எடுத்தேன். மேனேஜர் சிரித்தபடியே, "மேடம் நேத்தே பாத்தாச்சே?" உடனே யாருக்கோ போன். செல்வி மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கோவை ஆபீஸ். ஆபீஸை நடத்தும் சார் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"ஆடிட் செவ்வாய்க்கெழம. அன்னிக்குக் கதவு தொறந்திருந்துதா?"

"இருந்துதுங்க சார்."

"அத எழுதுங்க. நேத்து நீங்க போனதே எனக்குத் தெரியாது. இந்தக் கம்பெனி கைவிட்டா நமக்கெல்லாம் சம்பளம் யாரு தருவா?"

அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. படங்களைச் சட்டை வாங்கும் கம்பெனிக்கே அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம். வீட்டில் சொல்லவில்லை. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா புலம்பல்.

ஜூலை 12, சனி

வெயில். சாரிடமிருந்து செய்தி: இனி வர வேண்டாம். எதிர்பார்த்ததுதான்.

மத்தியானம் செல்வி போன். "வெளிநாட்டுக் கம்பெனில இருந்து போன் வந்துச்சாமுங்க, பூட்டக் கழட்டிட்டாங்க. கட்டெல்லாம் மாத்தியாச்சுங்க." பிறகு, "என்னையும் வர வேண்டாம்னுட்டாங்க. நாந்தேன் சொல்லிக்குடுத்தேன்னு."

இனி என்ன செய்வாள் என்று கேட்டேன்.

"பாலக்காட்டு லேபர் ஆபீஸ்ல புகார் குடுக்கறேனுங்க. எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணும்."

"நான் வர்றேன்."

"நீங்க எந்தக் கம்பெனின்னு கேட்டா?"

"எந்தக் கம்பெனியும் இல்லைன்னு சொல்றேன்."

திங்கள் காலை பஸ்ஸ்டாண்டில் சந்திக்கிறோம்.