தென்னேரி மீனும் கப்பல் எண்ணெயும்

ஜூன் 19

தடைக்காலம் முடிந்து கடல் மீன் வந்துவிட்டது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று பெட்டி பெட்டியாகக் கடையில் இறங்கியது. இரண்டு மாதமாகச் சிரிக்காத என் வீட்டுக்காரர் ஜாஹிர், இன்று ஐஸ் உடைக்கும்போது பாட்டுப் பாடினார். காது கொடுத்துக் கேட்க முடியாத குரல். பரவாயில்லை, பாடட்டும்.

ஜூன் 21

சென்னைக்குத் தெற்கே ஒரு சரக்குக் கப்பல் தரை தட்டிவிட்டதாம். உள்ளே இருந்த எண்ணெய் கரைக்கு வருவதை டிவியில் காட்டினார்கள். கறுப்புக் கறுப்பாக அலை. ஒரு ஆமை பிசுபிசுவென்று செத்துக் கிடந்தது. பாவமாக இருந்தது. காஞ்சிபுரத்தில் இருக்கிற நமக்கென்ன என்றும் தோன்றியது. என் புத்தி அவ்வளவுதான்.

ஜூன் 23

கடைக்கு ஈதான் வருகிறது, ஆள் வரவில்லை. மீனையெல்லாம் குப்பை வண்டியில் கொட்டினோம். “ஒங்க மீனத் தின்னா கேன்சர் வருதாமேக்கா?” என்று ஜெராக்ஸ் கடை தீபிகா கேட்கிறாள். எந்த டாக்டர் சொன்னார்? வாட்ஸப் டாக்டர்.

கரைப் பக்கம் மீனவர்கள் கப்பல் கம்பெனி ஆபீஸில் புகுந்து கண்ணாடியை எல்லாம் உடைத்தார்களாம். அவர்களுக்கு உடைக்க ஒரு ஆபீஸாவது இருக்கிறது. இந்த ஊரில் முறைப்பதற்கு நாங்கள்தான் இருக்கிறோம்.

ஜூன் 24

கடல் மீனே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவர் விடியற்காலையில் தென்னேரிக்குப் போய் ஏரி மீன் வாங்கி வந்தார். ஜிலேபி, கெண்டை. ‘ஏரி மீன்’ என்று கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதி நானே மாட்டினேன். நாலைந்து பேர் வாங்கினார்கள்.

ஜூன் 25

அமாவாசை. தறி ஓடாது. நெசவாளர் வீடுகளில் இன்று கவிச்சியும் கிடையாது. தறியைத் துடைத்து எண்ணெய் போடுவதோடு சரி. நாளைக்கு எல்லோருக்கும் நாக்கு கேட்கும். மீன் விற்கிற எங்களுக்கு அமாவாசைக்கு மறுநாள்தான் பெருநாள். யா அல்லா, நாளைக்கு மட்டும் கைவிட்டுடாதே.

ஜூன் 26

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் நல்ல வியாபாரம். பின்தெரு நெசவாளர் பரசுராமன் ஜிலேபி வாங்கிப் போனார். எத்தனையோ வருட வாடிக்கை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், அவர் பின்னாலேயே தெருவும் வந்தது. ஒரு கையில் போன், வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். இன்னொரு கையிலிருந்த மீனை ஜாஹிர் முகத்தில் எறிந்தார்.

“இன்னா பாய், கப்பலு எண்ணெயில ஊறுன மீன ஏரி மீனுன்னு விக்கிறியா? எம் புள்ளைங்க சாவணுமா? மோந்து பாருங்கபா எல்லாரும்.”

நானும் மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் நாற்றம். உண்மையாகவே. எப்படி?

“தென்னேரி மீனுபா, சத்தியமா” என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஷபியுல்லாகூடக் கல்லை எடுத்தார். யாரோ மீன் வெட்டும் கட்டையைத் தூக்கி இவர் வலது கைமேல் போட்டார்கள். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது.

நான் சும்மா இருப்பேனா? தராசுத் தட்டை எடுத்துப் பரசுராமன் நெற்றியில் ஓங்கி அடித்தேன். ரத்தம் வழிந்து கண்ணை மூடியது. இன்னொரு அடி போட்டிருப்பேன். முடியப் புடிச்சு இழுத்துட்டானுங்க. கீழ தள்ளி ஒதச்சானுங்க. பொம்பளன்னு பாத்தானுங்களா?

ஜூன் 27

இவர் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கத்தி பிடிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். “பார்க்கலாம்மா” என்றார். பார்க்கலாம் என்றால் முடியாது என்றுதான் அர்த்தம்.

என் கொழுந்தன் சுபியான் ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பினான். இவர் படுத்தபடியே, “மீனுக்கு அடிச்சானுங்க. நீ அத மதத்துக்கு அடிச்சதா ஆக்காதே” என்றார். சுபியான் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு ஆறவில்லை. பரசுராமன் கை எனக்கு வேண்டும். வலது கை. அவனும் தறியில் உட்கார முடியாமல் கிடக்கட்டும்.

ஜூன் 29

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. வேலூரில் இருக்கும் சின்னம்மா அதை எனக்கே அனுப்பி, ‘இந்தக் கடையில் வாங்காதே’ என்று எழுதியிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா?

ஜூலை 2

பரசுராமன் மனைவி கிருஷ்ணவேணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வார்டு வாசலிலேயே நின்றாள்.

“கௌசரு, தறி தொடைக்க மண்ணெண்ணெ வாங்கினு வந்த பையிமா அது. பாட்டிலு கசிஞ்சிருக்குது. அது தெரியாம அந்தப் பையிலயே மீன வாங்கினு வந்துட்டாரு.”

“ஒனக்கு எப்பக்கா தெரியும்?”

தலையைக் குனிந்துகொண்டாள். “அன்னிக்கு மத்தியானமே.”

அறைந்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? தெருவுல போய்ச் சொல்லு. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லு.”

“அவரு என்னக் கொன்னுடுவாருமா.”

“கொல்லட்டும்” என்றேன். அழுதுகொண்டே போனாள். எனக்கு இரக்கமே வரவில்லை.

ஜூலை 4

சொல்லிவிட்டாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் எல்லோர் எதிரிலும் சொன்னாளாம். நேராக ஸ்டேஷனுக்கும் போனாளாம். தீபிகா வந்து சொன்னாள்.

மன்னிப்புக் கேட்க ஒருவரும் வரவில்லை. பழைய வீடியோ இன்னும் சுற்றுகிறது. இவள் பேசியதை எவனும் வீடியோ எடுக்கவில்லை.

ஜூலை 7

கடையைத் திறந்தேன். இவர் கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து அப்படி வெட்டு இப்படி வெட்டு என்கிறார். விரலை வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். தெருவில் போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். எங்கள் மேல் தப்பில்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை போல.

ஜூலை 8

சாயங்காலம் கிருஷ்ணவேணி கடை முன்னால் வந்து நின்றாள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. உதடு கிழிந்திருந்தது. நான் அறைந்ததும் அதே பக்கம்தான்.

“கௌசரு, இன்னிக்கு ஒங்க வூட்ல படுத்துக்கட்டுமா?”

கொல்லட்டும் என்று சொன்னவள் நான்தானே? இவர்தான், “உள்ள இட்டுக்கினு போ” என்றார்.

இருட்டுவதற்கு முன்பே அவன் வந்துவிட்டான். நெற்றியில் இன்னும் பிளாஸ்திரி. “எம் பொண்டாட்டிய வெளிய அனுப்பு” என்று கதவை உதைத்தான். மீன் கத்தியோடு போய்த் திறந்தேன். நிலைப்படியைப் பிடித்திருந்த அவன் கை எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வெட்டியிருப்பேன். வெட்டினால் இவளும்தானே போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைவாள்.

“அக்கா வராது” என்றேன். “கைய எடு, கதவ மூடணும்.”

என் முகத்தையும் கத்தியையும் பார்த்தான். பிறகு கையை எடுத்தான்.

விற்காத ஜிலேபியைக் கிருஷ்ணவேணிதான் குழம்பு வைத்தாள். இவருக்கு முள் எடுக்க வரவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இன்று எங்கள் கடை மீனை இந்த ஊரில் சாப்பிட்டது நாங்கள் மூன்று பேர்தான்.