மப்ளர் போட்ட சீட்டு

ஏனுங்க,

போன்ல பேசினா மருமக ஸ்பீக்கர்ல போட்டுருது. அதான் எழுதறேன்.

நெஞ்சுச்சளி எப்படி இருக்குதுங்க? திருப்பூர் வெயில் உங்களுக்கு ஒத்துக்கிச்சுன்னு பையன் சொன்னான். குன்னூர் ஊட்டை வித்துட்டு என்னையும் கீழ வரச் சொன்னான்.

குன்னூர் அப்படியேதான் இருக்குது. ரயிலுக்குக் கேட் போட்டா பாதி ஊரு நின்னு திட்டுது. ரயில் வந்ததும் அத்தனை பேரும் புதுசா பாக்கற மாதிரி பாக்கறாங்க. மார்க்கெட்ல குரங்கு, டீக்குத் தொட்டுக்க வாங்கின என் வர்க்கிப் பொட்டலத்தைத் தூக்கிட்டுப் போயிருச்சு. டீக்கடைக்காரர் சிரிச்சுப்போட்டு வேற குடுத்தாரு. அங்க யாருங்க குடுப்பாங்க?

நேத்து ஊட்டி பஸ்ல ஒரே கூட்டம். எப்பவும் நீங்கதான் ஜன்னல் வழியா மப்ளரைப் போட்டு நமக்கு இடம் புடிப்பீங்க. நேத்து நானே போட்டேன். நீங்க விட்டுட்டுப் போன மப்ளர்தான். ஏறி நடைவழிப் பக்கமா உக்காந்தேன். ஜன்னலோரத்துல மப்ளர் கிடந்துச்சு. ஒரு அம்மா வந்து, "ஆள் வருதுங்களா?"ன்னு கேட்டாங்க. "வருவாருங்க"ன்னு வாய் சொல்லிருச்சு.

பஸ் கெளம்பியும் எடுக்க மனசு வரல. வழியில வெலிங்டன்ல ஏறுவீங்கன்னு நெனச்சிருப்பாங்க போல. பாவம், அருவங்காடு வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாங்க. எறங்கறப்ப, "அவரு வரலீங்களா?"ன்னு கேட்டாங்க.

என்னன்னு சொல்லட்டுங்க?

உங்க
குன்னூர்க்காரி