பதினோரு மணி அம்மாவின் தேன் பாயசம்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

இவர் கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரி போய் வந்தோம். செருப்புக் கடை வைத்திருப்பவருக்குச் செருப்புக் கடித்த புண். புது மாடல் வந்ததென்று தானே மாட்டிக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டியிருக்கிறார், வாங்க வந்தவனுக்கு. அவன் வாங்கவும் இல்லை. வலது கால், கட்டைவிரலுக்கு அடுத்த விரல். இப்போது நுனி கறுத்திருக்கிறது.

டாக்டரம்மா சொன்னது: சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

நான் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது இவரிடம் தனியாக என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். "எல்லாம் நீ பண்ணிக்கினு இருக்கறதுதான்" என்றார். அதைச் சொல்லவா அவ்வளவு நேரம்?

வெள்ளைச் சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். இனி நம் வீட்டுக்குள் அது வராது. விரலை விடமாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

வெயிலும் மழையும் மாறி மாறி. கடையை என் தம்பி ரபீக் பார்த்துக்கொள்கிறான். இவர் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு டிவி முன்னால். நாள் முழுக்கச் சமையல் நிகழ்ச்சி. செய்தி கூட வேண்டாமாம்.

பத்து மணிக்குத் தொப்பி போட்ட பையன். நம்பவே முடியாத ஆள். "ஒரே ஒரு ஸ்பூன் வெண்ணெய்" என்கிறான், கரண்டியால் அள்ளுகிறான். வாய் ஸ்பூன், கை கரண்டி. நேற்று இட்லியை எண்ணெயில் பொரித்து, மயோனைஸ் ஊற்றி, மேலே சீஸ் துருவினான். கடைசியில் கொத்துமல்லி தூவி "ஹெல்தி" என்றான். நாலு இலை கொத்துமல்லிக்கு அத்தனை பாவமும் தீர்ந்துவிட்டது. ஆனால் ஆள் ஈர்க்குச்சி. அவன் சமைப்பதை அவன் சாப்பிடுவதில்லை. பின்னே?

பதினொன்றுக்கு ஓர் அம்மா. காட்டன் புடவை, மெதுவான பேச்சு. (இனி ப.ம.அ. பதினோரு மணி அம்மா என்று ஒவ்வொரு தடவையும் யார் எழுதுவது.) இந்த அம்மாவையும் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தேன். போன வாரம் முழுக்கக் கையையே கவனித்தேன். ஒரு கப் என்றால் ஒரு கப்தான். நெய்யை ஒளித்து ஊற்றுவதில்லை.

இன்றைக்குச் சாமை தேன் பாயசம். "சர்க்கரை ஒரு துளி கூட இல்லைங்க. தேன், பேரீச்சை, இயற்கை இனிப்பு மட்டும்தான். சுகர் உள்ளவங்களும் பயமில்லாம சாப்பிடலாம்."

நான் அடுப்படியில் இருந்தேன். இவர்தான் கத்தினார். "இந்தா, ஓடியா! இந்தம்மா சொல்றத எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

வாங்க: பேரீச்சை, ஏலக்காய், முந்திரி கொஞ்சம், பினாயில்.

சாமையும் தேனும் வீட்டிலேயே இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து சின்னப்பொண்ணு சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் கொண்டுவந்து தருவாள். கடையில் செருப்பு எடுக்க வந்து பழக்கமானவள்.

பாயசம் நன்றாக வந்தது. இவர் கிண்ணத்தை விரலால் வழித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றைக்குத்தான் முகத்தில் ஒரு தெளிவு. எனக்கும் மனசு நிறைந்தது. தேனில் ஷிபா இருக்கிறது, நோய் தீரும் என்று சின்ன வயதில் ஓதியதுதானே. பேரீச்சை நோன்பு திறக்கிற பண்டம். இதிலிருந்து கெடுதல் எப்படி வரும்?

அக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து மகள் ஷமீமா வந்தாள். அவள் வாங்கித் தந்த மெஷினில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை ஏறியிருக்கிறது! ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட ஜாஸ்தி.

"ம்மா, அத்தாவுக்கு இன்னா குடுக்கற நீ?"

என்ன கொடுக்கிறேன்? அரிசியை நிறுத்தியாயிற்று. உருளைக்கிழங்கு கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. இனிப்பென்றால் ப.ம.அ. சொன்னது மட்டும்தான், அதில் சர்க்கரையே இல்லை. என் கையைத் தாண்டி யாரோ கொடுக்கிறார்கள்.

சந்தேகம்: ரபீக். தினம் சாயங்காலம் சாவி கொடுக்க வருகிறான், வந்தால் இவர் பக்கத்திலேயே குசுகுசு.
செல்வி. தீபாவளி பலகாரம் ஆரம்பித்துவிட்டாள். வாசனை சுவர் தாண்டுகிறது.
தெருமுனை டீக்கடை. பள்ளிவாசலுக்கு நொண்டிக்கொண்டு போகிறவர் நேராக வருகிறாரா?

இவரையே கேட்டேன். "அல்லா மேல ஆணையா நீ குடுக்கறதத் தவிர ஒண்ணும் வாயில வெக்கல" என்றார். ஆணையிட்டுப் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் குழப்பம்.

அக்டோபர் 14, செவ்வாய்

டீ மாஸ்டரைப் பிடித்துவிட்டேன். "பாய் வந்து ரொம்ப நாளாச்சிங்கக்கா. வந்தாலும் சக்கர இல்லாம தான் கேக்கறாரு" என்கிறான். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, பாலைப் பார்த்துச் சொன்னான். பொங்கிக்கொண்டிருந்ததாம்.

ரபீக் வந்ததும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். கூசிக்கொண்டு துள்ளினான். "இன்னாக்கா, போலீஸா நீ?" பையில் பஸ் டிக்கெட்டும் பல் குத்துகிற குச்சியும். சாயங்காலக் குசுகுசு என்ன? கடையில் தீபாவளி வியாபாரம் கம்மியாம். அதைக் கேட்டால் நான் கவலைப்படுவேன் என்று இவர்தான் மெதுவாகப் பேசச் சொன்னாராம். நம்பலாம், பாதி.

தொப்பிப் பையன் இன்று பரோட்டாவுக்குள் பாலாடைக்கட்டி. டிவியை நிறுத்தச் சொன்னால், "கண்ணால தானே தின்னுக்கினு இருக்கேன்" என்கிறார்.

புண் வாசனை வருகிறது. வேறு யாருக்கும் தெரியாது. கட்டு மாற்றுகிற எனக்குத் தெரியும்.

அக்டோபர் 15, புதன்

தேன்!

காலையில் பாத்திரம் கழுவும்போது தோன்றியது. தேன் கலப்படமாக இருந்தால்? வெல்லப்பாகைக் காய்ச்சி ஊற்றினால் நமக்கென்ன தெரியப்போகிறது? சின்னப்பொண்ணு சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள். அப்படிப் பேசுகிறவர்களை நான் எப்போதும் ஒரு மார்க் குறைத்துத்தான் போடுவேன்.

சோதனை செய்தேன். தண்ணீரில் விட்டேன், கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. தீக்குச்சியை நனைத்து உரசினேன், பற்றியது. சன்னலில் ஒரு சொட்டு வைத்தேன். மத்தியானம்வரை எறும்பு அண்டவில்லை. செல்வி சொன்னாளென்று தெருநாய்க்கும் காட்டினேன். அசல் தேனை நாய் நக்காதாம். மோந்து பார்த்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்துப் போய்விட்டது.

இந்த பாட்டில் அசல். போன பாட்டில்? அதற்கு முந்தினது? நேரில் போய்ப் பார்க்காமல் தூக்கம் வராது.

அக்டோபர் 17, வெள்ளி

வெள்ளிமலை போய் வந்தேன். ஜும்மா நாள். இவரை ரபீக்கிடம் ஒப்படைத்துவிட்டு, கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ். மலை ஏற ஏற வளைவுக்கு வளைவு யாராவது சன்னலுக்கு வெளியே தலை. கண்டக்டர்: "வாந்தி வர்றவங்க முன்னாடியே சொல்லிடுங்க, அப்புறம் என்னச் சொல்லாதீங்க." மேலே பனிமூட்டம், குளிர். மழை ஈரத்தில் புடவை ஓரமெல்லாம் சேறு.

சின்னப்பொண்ணு வீட்டில் தேனடையையே எடுத்துக் காட்டினாள். என் முன்னாலேயே பிழிந்து துணியில் வடிகட்டினாள். "கலப்படமா? எங்க சாமி மேல சத்தியம், பாயம்மா." சிரிப்பு போய்விட்டது அவளுக்கு. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சமாளிக்க, இரண்டு பாட்டில் கேட்டேன்.

"ரெண்டா? போன வாரந்தானே குடுத்தேன். இன்னா, வூட்ல விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. எங்க வூட்டுக்காரருக்கு."

"ஒருத்தருக்கா? தேன் எடுக்கற எங்களுக்கே வருஷத்துக்கு ஒரு பாட்டிலு தீராது, பாயம்மா. இருமல்னா நாக்குல தடவுவோம். அவ்ளோதான்."

விற்கிறவளே வாங்காதே என்கிறாள். இதில் ஏதோ சூது. சேலம் வியாபாரி எவனாவது ஜாஸ்தி தருகிறேன் என்றிருப்பான், அவனுக்கு எடுத்து வைக்கப் பார்க்கிறாள். விடாமல் இரண்டையும் வாங்கி வந்தேன்.

தேன் அசல். இந்தச் சந்தேகம் தீர்ந்தது. ராத்திரி நிம்மதியாகப் பாயசம் காய்ச்சினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியலிலிருந்து வெடி. பூனை பீரோவுக்கு அடியில்.

செல்வி தட்டு நிறைய அதிரசம், முறுக்கு. வருடா வருடம் வாங்குவதுதான். பெருநாளுக்கு நான் பிரியாணி அனுப்புவதுதான். இந்த வருடம் துணியைக்கூட விலக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். "தீபாவளிக்குத் தராம அப்புறம் இன்னாக்கா பக்கத்து வூடு?" என்றாள். வேண்டாம் என்றேன். சரியான காரணம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், புருஷனிடம்: "நம்மள வெஷம் வெச்சவங்க மாரி பாக்குதுயா பாயம்மா."

கேட்டுவிட்டது. என்ன செய்ய. விரல் முக்கியம்.

ப.ம.அ. தீபாவளி சிறப்பு: பேரீச்சை, தேன், தினைமாவு சேர்த்த லட்டு. "குற்ற உணர்ச்சி இல்லாம எத்தனை வேணாலும் சாப்பிடுங்க." பாவம், பண்டிகை நாளில் இவர் மட்டும் ஏங்கக்கூடாதென்று பிடித்தேன். தின்றுகொண்டே, "அந்தம்மா நல்லா இருக்கணும்" என்று துஆ செய்தார்.

அக்டோபர் 22, புதன்

கனமழை. பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் வந்தது. பிறகு, "சாப்பாடு என்னம்மா தர்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அரிசி இல்லை, கிழங்கு இல்லை, சர்க்கரை வாசனையே இல்லை. தேன் பாயசம், பேரீச்சை லட்டு, எல்லாம் இயற்கை.

பேனாவைக் கீழே வைத்தார்.

"சக்கரைய நிறுத்திட்டு அதையே வேற பேர்ல குடுத்திருக்கீங்களேம்மா."

"டிவில..."

"டிவிக்காரங்களுக்கு விரல் போகாதும்மா." அப்புறம் இவரைப் பார்த்தார். "பாய், அன்னைக்கே சொன்னேனே? தேன், வெல்லம், பேரீச்சை எதுவும் கூடாதுன்னு? வீட்ல சொல்லலையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்தாக வேண்டும். அடுத்த வாரம்.

வீட்டுக்கு வந்து குடையை மடக்கிவிட்டுக் கேட்டேன்.

"தெரிஞ்சேதான் தின்னீங்களா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

அக்டோபர் 23, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஊரில் ஒருத்தரை விட்டுவைக்கவில்லை நான். டீ மாஸ்டர், கூடப் பிறந்தவன், அடுத்த வீட்டுக்காரி, மலையில் இருக்கிறவள். எனக்கு எதிரில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்தவரைச் சந்தேகப்படவில்லை. கரண்டி பிடித்தவளையும் சந்தேகப்படவில்லை. தேன் அசலா போலியா என்று நாய் வரைக்கும் கேட்டேன். அசல் தேன் இவருக்கு ஆகுமா என்று ஒருத்தரையும் கேட்கவில்லை.

ஷிபா என்றால் ஒரு துளி. நான் ஊற்றியது கரண்டி கரண்டியாய்.

இவர் மேல் கோபம். ப.ம.அ. மேல் கோபம். என் மேல் இருப்பதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மீதித் தேனைச் செல்வி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள். "உக்காருக்கா" என்றாள். அதிரசம் நாலு மிச்சம் வைத்திருந்தாள், நான் சாப்பிட. சாப்பிட்டேன், அழுதுகொண்டே.

அக்டோபர் 29, புதன்

எடுத்தாயிற்று. செல்விதான் கூட வந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுக் கூடை ரபீக். ஷமீமா பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

மயக்கம் தெளிந்ததும் இவர் முதலில் கேட்டது: "கட தொறந்திருக்கா?"

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டது. போர்வை இரண்டு துவைத்தேன்.

சர்க்கரை இறங்குகிறது. காயம் காய்கிறது என்றார்கள்.

வீட்டுக்குள் நடந்து பார்க்கிறேன் என்று பழைய செருப்பை மாட்டினார். வாரைப் பிடிக்க அந்தப் பக்கம் விரல் இல்லை. ஓரடி வைத்ததும் செருப்பு பின்னாலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார், யாரோ கூப்பிட்ட மாதிரி. நான் கடைக்குப் போய்ப் பின்வார் வைத்தது ஒன்று எடுத்து வந்தேன். எந்த சைஸ் என்று ரபீக் கேட்டான். பழையதைக் காட்டினேன்.

மாட்டிவிட்டு நிமிர்ந்தால் மணி பதினொன்று. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. ப.ம.அ. அதே காட்டன் புடவை. கருப்பட்டி அல்வா. "சர்க்கரை ஒரு துளி கூட இல்லைங்க."

ரிமோட்டைத் தேடினேன். இவர் தொடைக்கு அடியில்.

"இன்னா, எழுதிக்கலியா?" என்றார்.

கேலி செய்கிறாரா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. ஆசைதான்.